ஸ்டீரிங்கில் தொங்கிய பெல்ட்

பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், மெக்கானிக் தம்பிகளா, நீங்கள் என்னை விடுவதாக இல்லை. வண்டி வேகமாக ஓட என்ன மாட்டலாம் என்று கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். கொஞ்சம் விவரமான பிள்ளைகள், என்ன கழற்றலாம் என்று கேட்கிறீர்கள். கழற்றியதை எங்கே வைப்பது, கழற்றியிருக்கிறது என்று யார் யாரிடம் சொல்வது என்று கேட்ட ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் அதுதான் கேள்வி. மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலை. கை இருக்கிற யாரும் ஸ்பேனர் பிடிக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. படித்துவிட்டுச் சிரியுங்கள், அது போதும்.

என் பட்டறை தேனியில் போடி ரோட்டில் இருந்தது. ரேஸ் வண்டிகள் என்னிடம் வந்தது கடைசிக் காலத்தில்தான். அதற்கு முன்னால் எல்லாம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள். காலையில் வேலையாட்களை நெருக்கி அடைத்துக்கொண்டு போடிமெட்டு மலை ஏறும், பொழுது சாய அதே ஆட்களோடு இறங்கும். எஞ்சின் தருகிற பலம் முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது அந்த ஏற்றத்தில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். எஞ்சினின் முகப்பில் ஒரு ரப்பர் பெல்ட் சுற்றுகிறது. அது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரைச் சுற்ற வேண்டும், ஸ்டீரிங்கை லேசாக்கும் பம்பைச் சுற்ற வேண்டும், ஏசி இருந்தால் அதையும் சுற்ற வேண்டும். எஞ்சின் சம்பாதிப்பதில் இவர்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதனால் ஏற்றம் வந்தால் ஏசியை அணைப்பது, கழற்ற முடிந்ததைக் கழற்றி வைப்பது என்பது எங்கள் பக்கத்தில் பழைய பழக்கம்.

ஒரு ஜீப்காரர் இருந்தார். மேலே தோட்டத்தில் குளிர் நடுக்குகிறது, எஞ்சின் தானாகவே ஆறிவிடும், பிறகு எதற்கு இந்த விசிறி வெட்டியாகச் சுற்ற வேண்டும் என்று ரேடியேட்டர் விசிறியைக் கழற்றிவிட்டார். மலையில் வண்டி நன்றாகவே ஏறியது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் கீழே வந்தார். உச்சி வெயிலில் நடுரோட்டில் வண்டி உலைப்பானை மாதிரி கொதித்து நின்றுவிட்டது. பட்டுச்சேலையும் பூவுமாக அவர் வீட்டுப் பெண்கள் ரோட்டோரம் நின்று அவரை ஏசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் பானட்டைத் திறந்து பார்த்து, "விசிறி எங்கய்யா?" என்றேன்.

மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "பத்திரமா இருக்குண்ணே, சீட்டுக்கு அடியில" என்றார்.

அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவருக்கு எஞ்சினோடு போயிற்று. இனி நான் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் கிடையாது.

பிரபு என்று ஒரு தம்பி. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம், மலைமேல் எல்லைக்கு அந்தப் பக்கம் தோட்டமும் உண்டு. டிராக் ரேஸில் ஓட்டவேண்டும் என்று ஒரு டீசல் காரை என்னிடம் கொண்டுவந்தான். டிராக் ரேஸ் உங்களுக்குப் புதிதில்லை. வளைவே கிடையாது, இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்கு மாறியதும் நேர்கோட்டில் ஓடி முடித்துவிடும். மூச்சு விடுகிற நேரத்தில் முடிகிற ஓட்டத்துக்கு எஞ்சினின் பலத்தில் எதையாவது மிச்சம் பிடிக்கலாமா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். பிரபுவும் பார்த்தான்.

பையன் நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். ஆனால் வண்டி என்றால் பித்து. அதன்மேல் ஒரு கோடு விழுந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை அவன் வீட்டில் யாரோ ஈரக்குடையை பானட்மேல் வைத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தான். அதிலிருந்து வீட்டில் எல்லோரும் அந்த வண்டியைக் கைக்குழந்தையைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிப் போவார்கள். அவன் அப்பாவுக்கு மட்டும் இது எதுவும் பிடிக்கவில்லை. ரேஸ் என்ற பேச்சு எடுத்த நாளிலிருந்து மகனோடு பேச்சை நிறுத்திவிட்டுத் தோட்டத்திலேயே போய்த் தங்கிவிட்டார்.

வீட்டையும் கடையையும் பார்த்துக்கொண்டது பிரபுவின் அக்கா சாந்தியும் அவள் கணவர் ராசேந்திரனும். ராசேந்திரன் எனக்குப் பல வருஷப் பழக்கம், தோட்டத்து ஜீப்பை என்னிடம்தான் விடுவார். மலையில் அவரைப்போல வண்டி ஓட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை. அவர் ஓட்டினால் பின்சீட்டில் இருப்பவர் கையில் டீ டம்ளர் தளும்பாது. தன் பொருளைவிட அடுத்தவர் பொருளைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிற மனிதர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரபுவின் வண்டியில் ஏசியைத் தூக்கினோம். பிறகு முகப்பு பெல்ட்டையே கழற்றிவிடலாம் என்றான். ரேஸ் ஓடும் நேரத்துக்கு மட்டும் கழற்றுவது என்றால் தப்பில்லை, செய்யலாம். ஆனால் டீசல் வண்டியில் ஒரு சங்கதி இருக்கிறது, பெட்ரோல் வண்டியிலேயே கை பழகியவர்கள் இதில்தான் சறுக்குவார்கள். பிரேக் மிதிக்கும்போது நம் காலோடு சேர்ந்து அமுக்க ஒரு உறிஞ்சும் விசை வேண்டும். பெட்ரோல் வண்டியில் அது எஞ்சின் மூச்சு இழுப்பதிலேயே கிடைத்துவிடும். டீசலில் அதற்குத் தனியாக ஒரு பம்ப் உண்டு. பிரபுவின் வண்டியில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருந்தது. பெல்ட் போனால் ஆல்டர்னேட்டர் நிற்கும், ஆல்டர்னேட்டர் நின்றால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் பிரேக் மிதி கருங்கல்லாகிவிடும். ஓடுவது மட்டுமே வேலையாக நினைக்கிறவனுக்கு இது தோன்றாது. ஓடின வண்டி நிற்கவும் வேண்டுமே.

அதனால் பேட்டரியில் ஓடுகிற சின்ன பம்ப் ஒன்றைப் பிரேக்குக்கு வைத்தேன். ரேஸ் தளத்தில் அது தாராளம். ஓடி முடித்து நிறுத்தி, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள், இடையில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் பெல்ட் இல்லாத வண்டி பேட்டரியைத் தின்னுமே தவிர நிரப்பாது. எஞ்சின் ஓட, ரேடியேட்டர் விசிறி சுற்ற, விளக்கு எரிய, பிரேக் பிடிக்க எல்லாம் அந்த ஒரே பேட்டரிதான். ஆகவே பெல்ட் இல்லாமல் அந்த வண்டி சாலையில் ஓடக்கூடாது, போக வர லாரிதான் என்று பிரபுவிடம் சொல்லியிருந்தேன்.

சொன்னது போதாது என்று ஒரு அடையாளமும் வைத்தேன். ஜீப் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் ஆயில் இறக்கிய வண்டியை யாராவது தெரியாமல் எடுத்துவிடக்கூடாது என்று ஸ்டீரிங்கில் ஒரு துணியைக் கட்டிவைப்பார்கள். எந்த டிரைவரும் துணி கட்டிய வண்டியில் ஏற மாட்டான். அதே மாதிரி, கழற்றிய பெல்ட்டை ஸ்டீரிங்கிலேயே மாலையாகத் தொங்கவிட்டேன். வண்டியில் உட்காருகிறவன் கையில் முதலில் அதுதான் படவேண்டும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று அப்போது எனக்கு நினைப்பு.

வெளியூரில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. பிரபு தன் பிரிவில் ஜெயித்தான். கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி குதித்தான். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். திரும்பும்போது நான் தேனியில் இறங்கிக்கொண்டேன். லாரி போடிக்குப் போய் வீட்டில் வண்டியைக் காட்டிவிட்டு, மறுநாள் மதியத்துக்குள் என் பட்டறையில் இறக்கிவிடும் என்று பேச்சு. பெல்ட்டை மாட்டி, எல்லாம் சரிபார்த்துத் தருவதாக இருந்தேன்.

மறுநாள் மதியம் லாரி வரவில்லை. சாயங்காலம் ஆகும்போது பிரபு மட்டும் பைக்கில் வந்தான், கையில் இனிப்புப் பெட்டி.

"வண்டி எங்கப்பா?"

"மச்சான் மேல கொண்டுபோயிருக்காகண்ணே, தோட்டத்துக்கு. அப்பா கீழ வரமாட்டேன்னுட்டாக. அப்ப வண்டியும் கோப்பையும் அவுகளப் பாக்கப் போகட்டும்னு மச்சான்தான் காலையில எடுத்துட்டுப் போனாக. வண்டிய எறக்கினதும் நான் தூங்கிட்டேன். எந்திரிச்சப்பறம் அக்கா சொன்னுச்சு." அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா வண்டியில ஏறி உக்காந்து பாத்தாகளாம்ணே. மச்சான் மத்தியானம் போன் பண்ணிச் சொன்னாக."

எனக்கு அந்தச் சிரிப்பு கண்ணில் படவில்லை. "பெல்ட் எங்க?" என்றேன்.

"பத்திரமா இருக்குண்ணே, டிக்கியில."

என்ன நடந்தது என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்டேன். காலையில் லாரியிலிருந்து வண்டியை இறக்கி வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்திருக்கிறார்கள். ஆரத்தித் தட்டோடு வந்த சாந்தி ஸ்டீரிங்கைப் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்கு நிக்கிற வண்டியில இது என்னடா, செத்த பாம்பு கணக்கா?" என்று பெல்ட்டை எடுத்து, துணிக்கடைப் பை ஒன்றில் சுற்றி டிக்கியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பூமாலையைப் போட்டிருக்கிறாள். லாரிக்காரனுக்கு வேறு லோடு இருந்ததால் அவன் கிளம்பிப்போய்விட்டான். ராசேந்திரன் வந்தபோது ஸ்டீரிங்கில் இருந்தது மல்லிகையும் ரோஜாவும்தான்.

"மச்சான் போன்லயே ஸ்டீரிங்கு கனமா இருக்குன்னு சொன்னாக. ரேஸ் வண்டின்னா அப்பிடித்தான்னேன். பேட்டரி லைட்டு செவப்பா எரியுதுன்னாக. நம்ம ஜீப்புல எரியாத லைட்டான்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்." அவன் குரல் மெல்லக் குறைந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டான். "அண்ணே, பிரேக்குக்குத்தான் தனியா பம்பு வச்சிருக்கீகள்ல?"

"அந்தப் பம்பு எதுல ஓடுது?"

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

ஏறும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். அதுதான் இதில் உள்ள கொடுமை. நல்ல பேட்டரி, பம்ப் ஓடும், பிரேக் பிடிக்கும். ஏற்றத்தில் யார் பிரேக்கைத் தேடப்போகிறார்கள்? ஆனால் அந்த ஏற்றம் முழுக்க ரேடியேட்டர் விசிறி நிற்காமல் சுற்றிப் பேட்டரியைத் தின்றிருக்கும். இறங்கும்போது மலையில் மூடுபனி இருக்கும், விளக்கு போடவேண்டும், வைப்பர் போடவேண்டும். மிதிக்கு மிதி அந்தச் சின்ன பம்ப் ஓடவேண்டும். எந்த வளைவு வரைக்கும் தாங்கும் என்பதுதான் தெரியாது.

ராசேந்திரனுக்குப் போன் அடித்தோம், கிடைக்கவில்லை. தோட்டத்துக்கு அடித்தோம். கணக்குப்பிள்ளை எடுத்தார். "இப்பத்தான் கெளம்புனாக. வண்டி ஸ்டார்ட் ஆகல, நாங்க நாலு பேரு தள்ளிவிட்டோம்" என்றார். அதைக் கேட்டதும் பிரபு கீழே உட்கார்ந்துவிட்டான். நான் திரும்பத் திரும்ப ராசேந்திரனின் எண்ணையே போட்டுக்கொண்டிருந்தேன். மெட்டுப் பக்கம் எங்கே சிக்னல் இருக்கும், எங்கே இருக்காது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கிடைத்தால் ஒரு நிமிஷம் கிடைக்கும், அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். பெல்ட், பம்ப், பேட்டரி என்று விளக்கிக்கொண்டிருந்தால் விளக்கம் முடியும் முன்னே லைன் போய்விடும். காரணம் சொல்லக்கூடாது, என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் சொல்லவேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு சரியானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மணி அடித்தது. எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, நானே கூப்புடணும்னு இருந்தேன். பிரேக்கு கட்டையா நிக்குதுண்ணே. லைட்டும் மங்குது."

"எங்கன இருக்கீக?"

"மெட்டத் தாண்டி எறங்கிக்கிட்டு இருக்கேன். ரெண்டாங் கியர்ல வாரேன். ஓரங்கட்டலாம்னா ஹேண்ட்பிரேக்க இழுத்தும் நிக்க மாட்டேங்குது."

"நல்லாக் கேளுங்க. இனிமே பிரேக்கு வராது. அடுத்த வளைவுக்குப் போகாதீக. மலைப்பக்கம் வடிகால்ல சக்கரத்த எறக்கி, வண்டிய மண்ணோட சாத்திருங்க. இப்பவே."

எஞ்சின் உறுமுவது மட்டும் கேட்டது. வேகம் இன்னும் கையில் இருக்கிறது, செய்தால் இப்போது செய்துவிடலாம், முன்பக்கம் நசுங்கும், ஆளுக்குச் சிராய்ப்போடு போகும் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

"சாத்துனா மொகப்பு பூராம் போயிருமேண்ணே" என்றார். பிறகு, "மாப்ள இருக்காப்லயா அங்கன?"

உயிர் போகிற நேரத்தில் அந்த மனிதர் வண்டிக்குச் சொந்தக்காரனிடம் அனுமதி கேட்டார். எனக்கு அது அந்த நொடியில் உறைக்கவில்லை. தைரியத்துக்கு மைத்துனனைத் தேடுகிறார் என்று நினைத்தேன். பிரபு எழுந்து வந்து போனுக்கு முன்னால் நின்றான். உதடு வெளுத்திருந்தது. அவன் வண்டியைக் காப்பாற்ற நினைத்துச் சொன்னானா, பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னானா என்று அவனுக்கே தெரியாது.

"மச்சான், பதறாதீக. நீங்க ஓட்டாத மலையா? கியர்லயே உருட்டிட்டு வாங்க. முந்தல்ல நாங்க வந்து நிக்கிறோம்."

"சரி மாப்ள" என்றார் ராசேந்திரன். குரலில் ஒரு நிம்மதி இருந்தது, அதை நான் கேட்டேன்.

"வேணாம், சாத்துங்க, சாத்துங்க" என்று நான் கத்தினேன். லைன் போய்விட்டிருந்தது. பிறகு கிடைக்கவே இல்லை.

முந்தல் என்பது மலை அடிவாரம், அங்கேதான் போடிமெட்டு ரோடு தரைக்கு வந்து சேரும். என் வண்டியில் இருவரும் பறந்தோம். வழியெல்லாம் பிரபு அதே எண்ணைப் போட்டுக்கொண்டே வந்தான். முந்தலில் நின்று மேலே பார்த்தால் ரோட்டின் கீழ்வளைவுகள் தெரியும், மேலே எல்லாம் வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. பஸ் ஒன்று இறங்கி வந்தது. லாரி ஒன்று வந்தது. கார் வரும்போதெல்லாம் பிரபு நடுரோட்டுக்கு ஓடினான். அவனுடைய வண்டி வரவில்லை.

கடைசியில் ஒரு தோட்டத்து ஜீப் இறங்கியது. மாமூலாக அந்த ஜீப்புகளில் பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வருவார்கள், அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. எங்களைப் பார்த்ததும் டிரைவர் நிறுத்தினார். பின்னால் இருந்த ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பின்னாடி கார்ல இருந்து கைய வீசிக் கத்திக்கிட்டே வந்தாக" என்றாள். "எங்களுக்கு வழி விட எடமில்ல. கீழ இருந்து பஸ்ஸு ஏறுது, மலைய ஒட்டி அது நிக்கிது. நடுவுல நாங்க. எங்க மேல இடிச்சிருந்தா நின்னிருப்பாக. இடிக்கல. இம்புட்டுப் பேரு உக்காந்திருக்கோம்னு பாத்துட்டாக போல. பள்ளத்துப் பக்கம் திருப்பிட்டாக, ஆத்தா, எங்களுக்காகத் திருப்பிட்டாக."

ராசேந்திரன் அங்கேயே போய்விட்டார். அதற்குமேல் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் போலீஸார் வண்டியைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கயிறு பிடித்துப் பள்ளத்தில் இறங்கினேன். கியர் நியூட்ரலில் இருந்தது. என் கணிப்பு இதுதான்: பேட்டரி முழுவதும் தீர்ந்து எஞ்சின் அணைந்திருக்கும். ஜீப்பில் பழகிய கால் உடனே கிளட்ச்சை மிதிக்கும், திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பார்க்கும். அதுவரை பிடித்துக்கொண்டிருந்த கியரும் அதோடு விட்டுப்போயிற்று. டிக்கி நசுங்காமல் இருந்தது. திறந்தால், துணிக்கடைப் பைக்குள் பெல்ட் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

தம்பிகளா, தொழில் முறையில் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடையாளம் வைப்பதானால் அது எல்லோருக்கும் தெரிந்த அடையாளமாக இருக்கவேண்டும். ஸ்டீரிங்கில் கட்டிய துணி ஜீப் ஸ்டாண்டுக்குத் தெரியும், ஆரத்தி எடுக்க வருகிற பெண்ணுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு என் பட்டறையில் பெல்ட் கழற்றிய வண்டிக்கு ஸ்டீரிங்கையே கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இதை நீங்கள் இன்றைக்கே செய்யலாம், கஷ்டமான வேலை இல்லை. இன்னொன்று இருக்கிறது, அது கொஞ்சம் கஷ்டம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சாந்தி என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். போனேன். கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பிரபு சுவரோரம் நின்றான். அவன் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், யாரையும் பார்க்கவில்லை.

"அண்ணே, அந்தக் கறுப்புப் பட்டைய எடுத்தது நான்தான்" என்றாள்.

"அது என்னன்னு ஒனக்கு யாரும் சொல்லல ஆத்தா. சொல்லாதவக மேலதான் தப்பு."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. "போன்ல அவுககிட்டக் கடைசியாப் பேசுனது நீங்கதானாம். மலையோட சாத்தச் சொன்னீகளாம். பிரபு சொன்னான். அப்பறம் ஏன்ணே அவுக சாத்தல? அவுகளுக்குத் தெரியாத ரோடா?"

நான் வரும் வழியிலேயே இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். சொல்லி முடிக்கும் முன்னே லைன் போய்விட்டது என்று சொல்வதாக இருந்தேன். ஒரு பொய்யால் ஒரு குடும்பம் மிஞ்சுமென்றால் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் படியேறினேன். வாயைத் திறந்தேன்.

"நான்தான்க்கா வரச் சொன்னேன்" என்றான் பிரபு. "அண்ணன் சாத்தச் சொன்னாக. மச்சான் என்னையக் கேட்டாக. நான் உருட்டிட்டு வாங்கன்னேன். சரி மாப்ளன்னாக."

சாந்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"ஒங்கிட்ட ரோடு கேக்கலடா அவுக" என்றாள். "வண்டிய இடிக்கலாமான்னு கேட்டுருக்காக. ஒன் வண்டியில ஒரு கோடு விழுந்தா நீ என்ன ஆட்டம் ஆடுவன்னு இந்த வீட்டுல யாருக்குத் தெரியாது? வண்டி போனாப் போகுது, நீங்க வாங்க மச்சான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா?"

பிரபு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். வாசலில் இருந்த பெரியவர் எழுந்து உள்ளே வந்து, மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

செய்ய வேண்டியதை நான் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அதைச் செய்ய அவருக்கு அனுமதி கொடுக்க என்னால் முடியாது, வண்டிக்குச் சொந்தக்காரன் ஒருவனால்தான் முடியும் என்பது அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்தவன் வண்டியை ஓட்டுகிறவன் தன் உடம்பைவிட அந்த வண்டியைத்தான் முதலில் காப்பாற்றப் பார்ப்பான். நல்ல மனிதனாக இருந்தால் நிச்சயமாக அப்படித்தான் செய்வான்.

அதற்குப் பிறகு பட்டறை மூடும்வரை, ஓட்டிப் பார்க்க வண்டி எடுக்கிற ஒவ்வொருவரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் சாவி கொடுத்தேன். வண்டிக்காரர் பக்கத்தில் இருந்தால் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். சிலர் முகம் சுளித்தார்கள். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று ஒருவர் வண்டியையே திருப்பிக் கொண்டுபோய்விட்டார், போகட்டும். நீங்களும் சொல்லுங்கள். "வண்டி போனாப் போகுது, நீ வந்து சேரு" என்று சாவியை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால், மலையில் சிக்னல் கிடைக்காது.